வெடிக்க மறுத்த தோட்டா

பெங்களூர் மாநகரின் கிழக்குப் பகுதியில், அல்சூர் ஏரியின் கரையையொட்டி, மதராஸ் எஞ்சினீயர் குரூப் என்னும் படைப்பிரிவின் மையம் அமைந்துள்ளது. 1780ஆம் ஆண்டில் சென்னை ராஜதானியில் பயனீர் படையாகத் தோன்றிப் பின்னர் ‘மதராஸ் சாப்பர்ஸ்’ எனப் பெயர்பெற்ற இப்பிரிவினரைத் தரைப்படையில் இன்றும் ‘தம்பிகள்’ என்றே அன்புடன் அழைக்கின்றனர். பாலம் அமைத்தல், பாதை வெட்டுதல், தடைகளை வெடிவைத்துத் தகர்த்தல் ஆகியவை அவர்தம் தொழில். முள்கம்பித் தடைகளைத் தகர்ப்பதற்கு உலகப் படைகள் பலவும் கையாண்ட ‘பெங்களூர் டார்பிடோ’ என்னும் நீண்ட வெடிகுழாயை 1912ஆம் ஆண்டில் உருவாக்கியவர் இப்பிரிவைச் சேர்ந்த காப்டன் மக்ளின்டாக் என்பவரே.

இப்படைப்பிரிவு பெற்ற போர்ச் சிறப்புகளுள் ‘சீனா’ என்பதும் ஒன்று. 1839 முதல் 1842 வரை நடந்த முதலாம் அபினிப் போரில் பங்குகொண்டமைக்காக அது வழங்கப்பெற்றது. அப்போரில் சாப்பர்களோடு சென்னைக் காலாட்படைகள் சிலவும் கடல் கடந்து சென்றன. அவற்றுள் 37ஆவது படையின் ஒரு கம்பெனிக்குக் காண்டன் நகரின் அருகே நேர்ந்த இடரானது, துப்பாக்கி ஏன் சில வேளைகளில் வெடிக்க மறுக்கிறது என்னும் வினாவுக்குப் பாடநூல்களைக் காட்டிலும் தெளிவாக விடை கூறுகிறது.

அன்று 1841 மே 30. காண்டனுக்கு வடக்கே உயர்ந்த நிலங்களைப் பிடித்திருந்த படைகள் மீது கிராம மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்தனர். அவர்களை விலக்கச் சென்ற படைகள் திரும்புகையில் இடியும் மழையும் கண்ணை மறைத்தன, வயல்களெல்லாம் வெள்ளக்காடாயின. 37ஆவது படையின் கம்பெனியொன்று, ஏறத்தாழ அறுபது சிப்பாய்களும் மூன்று அதிகாரிகளும் கொண்டது, வழி தவறித் தனிப்பட்டது. நீண்ட ஈட்டிகளும் கொக்கிகளும் ஏந்திய கூட்டம் அவர்களைச் சூழ்ந்தது. சிப்பாய்கள் சதுர வியூகம் அமைத்துத் துப்பாக்கிகளை உயர்த்தினர். ஆயினும் துப்பாக்கிகள் வெடிக்கவில்லை.

அவர்கள் கையிலிருந்தவை சக்கிமுக்கிக் கல் பூட்டிய துப்பாக்கிகள். துப்பாக்கியின் குதிரை, தன் வாயில் கவ்விய கல்லுடன் எஃகுத் தகட்டின்மேல் பாயும்; தெறிக்கும் பொறி, பக்கத்திலுள்ள சிறு கிண்ணத்தில் இட்ட பற்றுமருந்தைப் பற்றவைக்கும்; அந்தத் தீ ஒரு சிறு துளை வழியே குழலுக்குள் நுழைந்து உள்ளிருக்கும் மருந்தை மூட்டும். கிண்ணத்து மருந்து திறந்த வெளியில் கிடப்பது. சீன மண்ணின் கோடை மழைக்கு முன் அது சேறாயிற்று.

இவ்விடத்தில் அக்காலப் போர்க்குறிப்புகள் கூறும் ஒரு நிகழ்ச்சி கருதத்தக்கது. கொக்கியால் இழுக்கப்பட்ட சிப்பாய் ஒருவனின் துப்பாக்கி எதிரியின் கைக்குப் போயிற்று. அதை எடுத்தவன் கிண்ணத்தில் புதிய மருந்தை இட்டு, தன்னிடமிருந்த எரிதிரியை அதில் வைத்தான். சற்று முன்வரை ஊமையாயிருந்த அதே துப்பாக்கி முழங்கிற்று. ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் கையில் குண்டு பாய்ந்தது. குழலுக்குள் இருந்த மருந்து நனையவே இல்லை என்பதும், அதனை எழுப்பும் சிறு நெருப்பு மட்டுமே அணைந்திருந்தது என்பதும் இதனால் விளங்கும். சிப்பாய்களும் இதை உணர்ந்து, தலைப்பாகையின் உட்புறத்து உலர்ந்த துணியைக் கிழித்துக் குழல்களைத் துடைத்து மீண்டும் மருந்திட்டுச் சில வேட்டுகள் தீர்த்தனர். ஒருவர் மாண்டார், பலர் காயமுற்றனர். அந்தி வேளையில் அவர்களைத் தேடி வந்த கடற்படைத் துருப்பினரின் இரு கம்பெனிகளே அவர்களை மீட்டன. அவர்களும் அதே மழையில்தான் நனைந்து வந்தனர்; எனினும் அவர்களுடைய துப்பாக்கிகள் வெடித்தன. அவை கேப்புத் துப்பாக்கிகள்.

கேப்பின் வரலாறு

அடித்தால் வெடிக்கும் பாதரச ஃபல்மினேட் என்னும் பொருளை 1800ஆம் ஆண்டில் எட்வர்ட் ஹவர்ட் என்னும் ஆங்கில வேதியியலார் விவரித்தார். இத்தகைய பொருளைத் துப்பாக்கியின் பற்றுமருந்தாக்க முனைந்தவர் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபார்ஸைத். வேட்டைப் பிரியரான அவர், கிண்ணத்தில் எழும் புகையைக் கண்டே பறவைகள் குண்டுக்கு முன் பறந்துவிடுவதைக் கண்டு சலித்தார் என்பர். 1807இல் அவர் தம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அப்பொருளைச் சிறு செப்புத் தொப்பிக்குள் அடைத்து மூடும் வழக்கம் வந்தது, அதுவே கேப்பு. 1834இல் உல்விச்சில் நடந்த சோதனையில் இருவகைத் துப்பாக்கிகளிலும் தலைக்கு 6,000 வேட்டுகள் சுடப்பட்டன. கல் துப்பாக்கி 922 முறை பொய்த்தது. கேப்புத் துப்பாக்கி 36 முறையே பொய்த்தது. ஆறேழு வேட்டுக்கு ஒன்று பொய்த்த நிலை, நூற்று அறுபத்தாறுக்கு ஒன்று என மாறியது. இந்த முடிவு வெளிவந்து ஏழாண்டு கழிந்த பின்னும் சென்னைச் சிப்பாய்களிடம் பழைய துப்பாக்கியே இருந்தது என்பது வருந்தத்தக்கது.

இன்றைய கைத்துப்பாக்கித் தோட்டாவிலும் தத்துவம் மாறவில்லை. பித்தளைக் கூடு ஒன்று, அதன் வாயில் குண்டு, வயிற்றில் மருந்து, அடியின் நடுவே, ஏறத்தாழ நான்கரை அல்லது ஐந்தே கால் மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழியில், பிரைமர் எனப்படும் கேப்பு. துப்பாக்கியின் அடிமுனை கேப்பின் முதுகில் மோதுகிறது. கேப்பினுள் உள்ள சிறு பட்டடைக்கும் அதன் உலோக முதுகுக்கும் இடையே பற்றுமருந்து நசுங்கித் தீப்பிடிக்கிறது. சுடர் ஒரு துளை வழியே மருந்தைச் சேர்கிறது. பாதரசப் பொருளுக்குப் பதிலாக இப்போது ஈய ஸ்டிஃப்னேட் பெரும்பாலும் வழங்குகிறது. பாதரசக் கேப்பு வெப்ப நாட்டுக் கிடங்குகளில் நாளடைவில் வலுவிழந்தது. அன்றியும் வெடித்தபின் பித்தளையை நொறுங்கும்படி செய்து, கூட்டை மறுமுறை பயன்படாதாக்கியது.

கேப்பிலும் இரு மரபுகள் உண்டு. பட்டடையைக் கேப்புக்குள்ளேயே வைத்து, கூட்டின் நடுவே ஒரே துளை விடுவது ஆங்கிலேயர் பாக்ஸரின் முறை. பட்டடையைக் கூட்டிலேயே வார்த்து, பக்கங்களில் இரு துளைகள் விடுவது அமெரிக்கர் பெர்டானின் முறை. இரண்டும் 1866ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றியவை. ஆங்கிலேயர் முறையை அமெரிக்காவும், அமெரிக்கர் முறையை ஐரோப்பிய, ஆசிய ராணுவங்கள் பலவும் ஏற்றுக்கொண்டன என்பது வேடிக்கை. ஒரே துளை வழியே ஊசியைச் செலுத்திப் பழைய கேப்பை எளிதில் தள்ளிவிடலாமாதலின், கையால் மறுபடி நிரப்பும் வழக்கம் பாக்ஸர் கூடுகளையே சார்ந்து வளர்ந்தது.

கையால் நிரப்புதல்

சுட்ட கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தி, பழைய கேப்பை நீக்கி, புதிய கேப்பைப் பொருத்தி, மருந்தை அளந்திட்டு, குண்டைப் பதித்து, கூட்டின் வாயை இறுக்குவதே கையால் நிரப்புதல் எனப்படும். குறிபார்த்துச் சுடும் போட்டியாளர் பலர் வெளிநாடுகளில் இதனைச் செய்கின்றனர். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி, தோட்டா தயாரிப்பதற்கு உரிமம் வேண்டும். உரிமமின்றிச் செய்வது குற்றம். ஆகவே இவ்வேலையைக் கற்பிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் ஆலைத் தோட்டாவில் அரிதாகக் காணும் குறைகள் கைத் தோட்டாவில் வெளிப்படையாகத் தோன்றுவதால், தோட்டா பொய்க்கும் காரணங்களை அறிய இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. துப்பாக்கியைக் கையாளும் காவலரும் வனக்காவலரும், தேசிய மாணவர் படையைப் பயிற்றும் ஆசிரியரும் அறிய வேண்டியது இதுவே.

பொய்த்த தோட்டாவை எடுத்ததும் முதலில் நோக்க வேண்டியது கேப்பின் முதுகிலுள்ள தழும்பு. மருத்துவர் நாடி பார்ப்பதுபோல், அனுபவமுள்ள ஆயுதக் கம்மியர் அத்தழும்பைக் கொண்டே நோயைக் கூறிவிடுவார்.

தழும்பு ஆழமின்றி மேலோட்டமாக இருக்குமாயின், அடி போதவில்லை என்பது பொருள். குதிரையின் வில் தளர்ந்திருக்கலாம், அடிமுனை தேய்ந்திருக்கலாம், அது ஓடும் துளையில் பழைய எண்ணெய் கெட்டிப்பட்டுத் தடுக்கலாம். இவை துப்பாக்கியின் குற்றங்கள். ஆனால் துப்பாக்கி செம்மையாயிருந்தும், முதல் அடிக்கு வெடியாத தோட்டா இரண்டாம் அடிக்கு வெடிக்குமாயின், குற்றம் பெரும்பாலும் நிரப்பியவருடையதே. கேப்பு குழியின் அடிவரை சென்று அமரவில்லை. முதல் அடியின் வலிமை முழுதும் கேப்பை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிட்டது. மருந்தை நசுக்க எஞ்சியது ஒன்றுமில்லை. இரண்டாம் அடி வரும்போது கேப்பு அடியில் ஊன்றிவிட்டமையால் வெடிக்கிறது. கேப்பு கூட்டின் அடிமட்டத்துக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு தாழ்ந்திருப்பது முறை. கண்ணுக்குப் புலப்படாத இவ்வளவை விரல் நுனியால் தடவி உணரலாம். குழியில் பழைய கரி அப்பியிருந்தால் கேப்பு அந்த அளவுக்கு இறங்காது. ரிவால்வரில் இக்குறை வேறு விதமாகவும் தோன்றும்: புடைத்த கேப்பு பின்சுவரில் உரசி, உருளையைச் சுழலவிடாது.

தழும்பு ஆழமாகவும் நடுவிலும் விழுந்திருந்து, கேப்பு வெடிக்கவில்லையாயின், கேப்பே கெட்டுவிட்டது எனக் கொள்ளலாம். இங்கு முதற்பகை எண்ணெய். துப்பாக்கிக்கு எண்ணெயிட்ட விரலாலேயே கேப்பை எடுப்பதும், எண்ணெய் ததும்பும் துப்பாக்கியில் தோட்டாவை மாதக்கணக்கில் இட்டு வைப்பதும் பற்றுமருந்தை மெல்லக் கெடுக்கும். அடுத்த பகை ஈரம். ஆலையில் கேப்பின் விளிம்பிலும் கூட்டின் வாயிலும் அரக்குப் பூச்சு இட்டு நீர் புகாமல் அடைக்கின்றனர். ராணுவத் தோட்டாக்களில் இது தவறாத வழக்கம். கையால் நிரப்பியவற்றில் இப்பூச்சு பெரும்பாலும் இருப்பதில்லை. காண்டன் வயலில் திறந்து கிடந்த கிண்ணத்துக்கும், அரக்கிடாத கேப்புக்கும் உள்ள உறவு எண்ணிப் பார்க்கத்தக்கது.

நடுவில் விழ வேண்டிய தழும்பு ஓரத்தில் விழுவதும் உண்டு. பழுதான துப்பாக்கியில் இது காணப்படும். வேறொரு குறை தானியங்கிக் கைத்துப்பாக்கிக்கே உரியது. ரிவால்வர் தோட்டாவின் அடியில் விளிம்பு புடைத்திருப்பதால், அவ்விளிம்பு தடுத்துத் தோட்டாவை உரிய இடத்தில் நிறுத்துகிறது. 9 மில்லிமீட்டர் போன்ற தோட்டாக்களுக்கு அவ்விளிம்பு இல்லை. கூட்டின் வாயே அறையின் படியில் முட்டி நிற்கிறது. நிரப்புபவர் அவ்வாயை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டால் முட்டுவதற்கு விளிம்பு இராது. தோட்டா அறைக்குள் ஆழ்ந்துபோகும். அடிமுனை எட்டியும் எட்டாமலும் தட்டும். இதற்கு மாறாக, வாய் விரிந்தோ கூடு வீங்கியோ இருந்தால் தோட்டா முழுதும் உள்ளே செல்லாது. மேல்தகடு மூடாமல் நிற்கும். குதிரை பாய்ந்தும் பயனில்லை. ஒரே வினைக்கு இரு எதிர்ப்பட்ட காரணங்கள் இருப்பதால்தான் தழும்பைப் பாராமல் ஊகத்தால் மருந்திடுவது வீண் என்கிறோம்.

ஓசை குறைந்த வேட்டு

இதுவரை கூறியவை எல்லாம் எரிச்சலூட்டுவன. உயிருக்கு இறுதி தேடுபவை அல்ல. இனிக் கூறுவது அத்தகையதன்று.

கேப்பு வெடித்தும் கூட்டுக்குள் மருந்து இல்லாமல் போகலாம். நிரப்புபவரின் கவனம் ஒரு கணம் சிதறினால், ஐம்பது கூடுகளில் ஒன்று வெறுமையாய் நிற்கும். அத்தகைய தோட்டாவைச் சுட்டால் வழக்கமான முழக்கத்துக்குப் பதில் ‘புஸ்’ என்னும் தணிந்த ஓசையே எழும். துப்பாக்கி உதைக்காது. சுடுபவர் ‘தோட்டா பொய்த்தது’ என்றே எண்ணுவார். உண்மையில் கேப்பின் வலிமை மட்டுமே குண்டைக் கூட்டிலிருந்து தள்ளிக் குழலின் நடுவில் சிக்கவைத்துவிடும். அடுத்த தோட்டாவை அதன்பின் சுட்டால் குழல் வீங்கும், வெடித்தும் போகும். ரிவால்வரில் இவ்வாபத்து மிகுதி. ஏனெனில் விசையை மறுபடி இழுத்தாலே போதும், அடுத்த தோட்டா தானே வந்து நிற்கும்.

நிரப்பி முடித்த தோட்டாக்களை நிறுத்துப் பார்த்து வெறுங்கூட்டைக் கண்டுவிடலாம் என்று சிலர் கருதுகின்றனர். கைத்துப்பாக்கித் தோட்டாவில் மருந்தின் எடை மிகச் சிறியது. கூட்டுக்குக் கூடும், குண்டுக்குக் குண்டும் உள்ள எடை வேறுபாடே அதனை மறைத்துவிடும். தராசை நம்புவதைவிடக் கண்ணை நம்புவது மேல். கூடுகளைத் துளையிட்ட பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டைப் பதிக்கும் முன் நல்ல விளக்கொளியில் ஒவ்வொன்றின் உள்ளும் நோக்குவதே காலம் கண்ட முறை. இருமுறை மருந்திட்ட கூடும் அப்பார்வையிலேயே அகப்படும். அது வெறுங்கூட்டினும் கொடியது.

ஓசை குறைந்ததும் சுடுவதை நிறுத்த வேண்டும். தோட்டாக்களை முழுதும் நீக்கியபின், குழலினுள் கோல் செலுத்தி வழி திறந்திருப்பதை உறுதிசெய்ய வேண்டும். எத்துணை அவசரமாயினும் இதற்கு விலக்கில்லை.

காத்திருக்கும் அரை நிமிடம்

ஓசையே எழாத தோட்டாவைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியுள்ளது. அடி விழுந்தும் வெடியாத தோட்டா எல்லாம் செத்த தோட்டா அன்று. ஈரம் தாக்கிய கேப்பு உடனே சுடர்விடாமல் கனன்றுகொண்டிருக்கலாம். கெட்டுப்போன மருந்து மெல்லப் பற்றலாம். இத்தகைய தாமதம் பெரும்பாலும் ஒரு நொடிக்கும் குறைவே. அரிதாக அதனினும் நீளும். இந்த இடைவெளியில்தான் மனித இயல்பு பகையாகிறது. விசையை இழுத்து ஒன்றும் நேராதபோது, துப்பாக்கியைத் திருப்பிக் குழலின் வாயை நோக்குவதற்குக் கை தானாகவே முனைகிறது. அக்கையைக் கட்டுப்படுத்துவதே பயிற்சி.

துப்பாக்கியின் வாய் இலக்கை நோக்கியபடியே இருக்க, விசையிலிருந்து விரலை எடுத்து, முப்பது நொடியேனும் அசையாது நிற்க வேண்டும். சுடுதளங்கள் சிலவற்றில் ஒரு நிமிடம் என்றே விதித்துள்ளனர். பின்னரே தோட்டாவை அகற்ற வேண்டும்; அப்போதும் முகமும் கையும் கூட்டின் அடிப்புறத்துக்கு நேரே இராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். ரிவால்வரில் விசையை உடனே மறுபடி இழுப்பது தவறு: தாமதித்து வெடிக்கவுள்ள தோட்டா குழலுக்கு நேரே இருந்து விலகிப் பக்கத்துக்குப் போய்விடும், அங்கு வெடிக்குமாயின் குண்டுக்கு வழியில்லை. போர்முனையில் வீரன் பொய்த்த தோட்டாவை உடனே இழுத்தெறிந்து அடுத்ததை ஏற்றுமாறு பயிற்றப்படுகிறான் என்பது உண்மை. எதிரி முன்னிற்கும்போது அரை நிமிடம் காத்திருக்க இயலாது. அந்த வழக்கத்தைச் சுடுதளத்துக்குக் கொண்டுவருவது தகாது.

கிராமப்புற அலுவலர் பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கிகளையும் காண நேரிடும். வாய் வழியே கரிமருந்து இட்டு, பின்புறக் காம்பின்மேல் கேப்பு மாட்டும் வகை அது. கேப்பு வெடித்தும் துப்பாக்கி வெடிக்காமல் போவது இதில் இயல்பு. காம்பின் துளையைக் கரியோ எண்ணெயோ அடைத்திருக்கும். மருந்து இடுவதற்கு முன்பே வெறும் கேப்பு ஒன்றை வெடித்துத் துளையைத் துப்புரவாக்குவது பழைய வேட்டைக்காரர் வழக்கம், நல்ல வழக்கமே. இவ்வகைத் துப்பாக்கி பொய்த்தால் இரண்டு நிமிடமேனும் வாயை வெளிநோக்கிப் பிடித்திருத்தல் வேண்டும்.

தேசிய மாணவர் படையின் .22 துப்பாக்கித் தோட்டாவில் தனிக் கேப்பு கிடையாது. பற்றுமருந்து கூட்டின் அடிவிளிம்பைச் சுற்றி உட்புறம் பரவியுள்ளது. விளிம்பின் ஒரு பகுதியில் அது பரவாது விடுபட்டு, அடிமுனை அவ்விடத்திலேயே விழுமாயின் தோட்டா பொய்க்கும். அதனையே சற்றுத் திருப்பி இட்டால் வெடித்துவிடும். ‘வெடியாதது’ என்று மாணவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகும் .22 தோட்டா முழு உயிருடன் இருக்கக்கூடும் என்பதை ஆசிரியர் மறத்தலாகாது. சுடுதளத்தை விட்டு நீங்கும்போது வெறுங்கூடுகளை எண்ணுவதுபோலவே பொய்த்தவற்றையும் எண்ணிப் பெற வேண்டும்.

துப்பாக்கியே காணாத பள்ளியிலும் இப்பாடத்துக்கு இடமுண்டு. தீபாவளியன்று திரி அணைந்ததுபோல் தோன்றும் வெடியைக் குனிந்து ஊதிப் பார்க்கும் சிறுவன், காண்டனில் ஊமையாய்க் கிடந்த துப்பாக்கியைப் போன்ற ஒன்றையே எதிர்கொள்கிறான்: பற்றவைக்கும் தீ தடைப்பட்டுள்ளது, உள்ளிருக்கும் மருந்து அப்படியே உள்ளது. அணைந்த வெடியை அணுகாமல் நெடுநேரம் விட்டு, பின் வாளி நீரை ஊற்றி ஊறவிடுமாறு மாணவர்க்குக் கூறலாம். கண்ணை இழந்தபின் கூறுவதில் பயனில்லை.

பொய்த்த தோட்டாவை என்செய்வது என்னும் ஐயம் அலுவலர்க்கு எழும். ஆணியால் கேப்பைக் குடைதல், இடுக்கியால் குண்டைப் பிடுங்குதல், அடுப்பிலோ குப்பையிலோ எறிதல், மண்ணில் புதைத்தல் ஆகிய எதுவும் கூடாது. எண்ணெயில் ஊறவைத்தால் செத்துவிடும் என்று நம்புவதும் பிழை. சில கேப்புகள் நாட்கணக்கில் எண்ணெயில் கிடந்தும் உயிரோடிருக்கின்றன. தனிப் பெட்டியில், ‘பொய்த்தவை’ என்று எழுதி ஒட்டி, நல்ல தோட்டாக்களுடன் கலவாமல் வைத்து, படைப்பிரிவாயின் ஆயுதக் கிடங்கிலும், உரிமம் பெற்றவராயின் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து, பதிவேட்டில் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ள வேண்டும்.